காகத்தைப் பார்த்த பார்வை

கலியாண வீட்டில் வீடியோக்காரர் வந்தால் நான் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். எங்கள் சொந்தத்தில் நடந்த கலியாண வீடியோக்களில் என் சேலைத் தலைப்பு மட்டும் அங்கங்கே தெரியும். அப்படிப்பட்ட நான் ஒரு படத்தில் நடித்தேன் என்று எழுத இப்போதும் கை கூசுகிறது. சிரிப்பும் வருகிறது. அதுவும் நல்ல மனுசியாக இல்லை, பொல்லாத மனுசியாக.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மருத்துவிச்சி இருக்கிறார். அவருடைய மகள் படம் எடுக்கப் படித்தவள். ஒருநாள் பின்னேரம் வந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் முன்னால் குந்தினாள். அரை மணித்தியாலப் படம் ஒன்று எடுக்கப் போகிறாளாம். ஒரு தமிழ் மனுசி. அவளுடைய பக்கத்து வீட்டுக்கு, துணி தைக்கிற முஸ்லிம் பெண் ஒருத்தி குடிவருகிறாள். இந்த மனுசிக்கு அவளைக் கண்ணில் காட்டக் கூடாது. அவள் ஒரு பிழையும் செய்யவில்லை, அவளுடைய இனம்தான் காரணம். கடைசியில் மனுசி மாறுகிறாள். அவ்வளவுதான் கதை.

"மாமி, நீங்கதான் அந்த மனுசி."

"என்னால ஒண்ணா புள்ள. எனக்கு ஆக்கள்ர மூஞ்சையப் பார்க்கவே தெரியாது."

"அதுதான் எனக்கு வேணும். நீங்க எப்பவும் குனிஞ்சிட்டு இரிக்கிறதால உங்கட மனசில என்ன கிடக்கெண்டு ஒருத்தருக்கும் விளங்காது."

ஒரே வளவில் குடியிருக்கிற என் தங்கச்சி கிணற்றடியிலிருந்து சத்தம் போட்டாள். "அக்காட மனசில என்ன கிடக்கப்போகுது? பின்னேரத் தேத்தண்ணிக்குச் சீனி இரிக்கா இல்லையா எண்டு கிடக்கும். என்னக் கேளு புள்ள, நான் நடிக்கன்!"

அந்தப் பிள்ளை தங்கச்சியைப் பார்த்துச் சிரித்தாளே தவிர, கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம்" என்று வந்துவிட்டது.

இந்த இடத்தில் ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராத்தா ஓட்டமாவடி முஸ்லிம் மனுசி; அவர்கள் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். வியாழக்கிழமைகளில் சாரமும் கைத்தறிப் பிடவையும் பொட்டளியாகக் கட்டி எங்கள் ஒழுங்கைக்கு விற்கக் கொண்டு வருவா. எல்லா வீட்டையும் முடித்து, கடைசியாக என் விறாந்தையில் வந்து காலை நீட்டுவா. பாலத்தைக் கடக்கவே ஆட்கள் பயந்த கலவரக் காலங்களும் இருந்தன. மூடிய வீதி திறந்த முதல் வியாழக்கிழமையே பொட்டளியோடு வந்து நின்றவ அவ. என்னைப் பற்றி அவவுக்குத் தெரியாதது இல்லை. முற்றத்தில் கருவாடு காயும்போது காகம் வந்தால் நான் எழும்ப மாட்டேன், கல்லும் எறிய மாட்டேன். இருந்த இடத்திலிருந்து பார்ப்பேன். காகம் போய்விடும். "அதென்ன பார்வகா அது! எனக்கே எழும்பி ஓடணும் போல கிடக்கு" என்று ராத்தா ஒவ்வொரு முறையும் சொல்லுவா.

படத்தைப் பற்றி அவவிடம் சொல்ல நினைத்தேன். வெட்கத்தில் வாய் வரவில்லை. எடுத்து முடியட்டும், அதன்பிறகு ஆறுதலாகச் சொல்லுவோம் என்று விட்டுவிட்டேன்.

கமராக்காரத் தம்பியும் ஓட்டமாவடிதான். ராத்தாவின் வளவுக்கு அடுத்த வளவு. தையல்காரியாக நடிக்க ஏறாவூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தா. பூப் போல ஒரு மனுசி. என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டா. இவவை எப்படி நான் வெறுக்கிறது?

"நீங்க வெறுக்கத் தேவையில்ல மாமி. அத நான் பார்த்துக்குவன்" என்றாள் பிள்ளை.

உண்மையிலேயே அவள்தான் பார்த்துக்கொண்டாள். கமராவைக் கொண்டுபோய் நிலத்தில் வைத்தாள். ஏன் புள்ள, நான் இங்கே மேலே அல்லவா நிற்கிறேன் என்று கேட்டேன். வந்து பாருங்கள் என்றாள். குனிந்து அந்தச் சின்னத் திரையில், நான் நின்ற இடத்தில் நின்ற தங்கச்சியைப் பார்த்தேன். அம்மாடி! குட்டையான தங்கச்சி பனைமரம் மாதிரி நின்றாள். முகட்டைத் தலையால் முட்டுகிறாள். "கீழ இருந்து எடுத்தா ஆள் பயமாத் தெரியும்" என்றாள் பிள்ளை. தங்கச்சி அன்று முழுக்க என் முன்னால் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தாள்.

பிறகு என்னை ஜன்னலுக்கு உள்ளே நிறுத்தி, வெளியிலிருந்து கம்பிக்கு ஊடாக எடுத்தார்கள். என் முகத்தில் கம்பியின் நிழல் கோடு கோடாக விழுந்தது. பூட்டி வைத்தது அந்தப் பெண்ணையா என்னையா என்று எனக்கே யோசனை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

தையல் மெசின் சத்தத்தையும் தனியாகப் பிடித்தாள். ஒரு கறுப்புக் குச்சியை மெசினுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு, எங்களை மூச்சு விடவும் வேண்டாம் என்றாள். படத்தின் முன்பாதியில் அந்தச் சத்தம் மண்டையில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும், பின்பாதியில் கூரையில் மழை விழுகிற மாதிரி இருக்கும், இரண்டும் ஒரே சத்தம்தான் என்று சொன்னாள். நான் நம்பவில்லை.

தட்டுக் காட்சியில்தான் நான் எல்லாரையும் கொன்றேன்.

கதையில் பெருநாள் வருகிறது. தையல்காரி ஒரு தட்டில், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு அவித்த வட்டிலப்பம் கொண்டுவந்து தருகிறாள். இந்தப் பொல்லாதவள் அதைக் கோழிக்குக் கொட்டிவிட்டு, வெறுந்தட்டை வேலிக்கு மேலால் திருப்பி நீட்டுகிறாள். தட்டு வேண்டும் என்று பிள்ளை என் அலுமாரியைத் துழாவினாள். நீலப் பூக்கரை போட்ட ஒரு தட்டு அகப்பட்டது. போன பெருநாளுக்கு ராத்தா வட்டிலப்பம் கொண்டுவந்த அதே தட்டு. நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதுதான் படத்துக்கு வடிவு என்றாள்.

வட்டிலப்பத்தைக் கொட்டுவதைப் படமாக எடுக்கவில்லை. கோழிகள் சிறகடித்து ஓடிவருகிற சத்தத்தை மட்டும் வைப்பதாம். பார்க்கிறவர்களுக்கு அது போதுமாம். எனக்கு நல்ல நிம்மதி. வட்டிலப்பத்தை எல்லாருமாகச் சாப்பிட்டோம்.

அதன்பிறகு நான் வெறுந்தட்டோடு அடுப்படியிலிருந்து வர வேண்டும். வந்தேன். வேலிக்கு மேலால் நீட்டினேன். டீச்சர் தட்டைப் பார்த்தா. உதட்டைக் கடித்தா. தோள் குலுங்கியது.

"கட்! மாமி, தட்டில என்ன?"

குனிந்து பார்த்தேன். சீனி. ஒரு பிடி.

"ஏன் சீனி போட்ட நீங்க?"

"நானா போட்டன்?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஒரு வீட்டிலிருந்து தட்டு வந்தால் அது வெறுமையாகத் திரும்பிப் போவது எங்கள் பக்கத்தில் இல்லை. சீனியோ பழமோ ஏதாவது இருக்கும். அடுப்படி வாசலைத் தாண்டும்போது கை தன் பாட்டுக்குப் போயிருக்கிறது.

மறுபடி எடுத்தார்கள். இந்தமுறை கதலிப் பழம் இருந்தது. பிள்ளை தலையில் கை வைத்தாள். அடுப்படியில் இருந்த சீனிப் போத்தலையும் பழச்சீப்பையும் தங்கச்சி தூக்கிக்கொண்டு போனாள். மூன்றாம் முறை சரியாக வந்தேன், தட்டும் வெறுமை. பாதி வழியில் கறிவேப்பிலை மரம். நீட்டும்போது பார்த்தால் தட்டில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை!

கமராக்காரத் தம்பி கமராவை விட்டுவிட்டு மண்ணில் இருந்துவிட்டான். டீச்சர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறா. எனக்கு வெட்கம் ஒருபக்கம், சிரிப்பு ஒருபக்கம், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது.

"மாமி, அந்தப் பொம்புள உங்களப் போல இல்ல. அவ வெறுந்தட்டுத்தான் குடுப்பா."

"எனக்கு விளங்குது மகள். இந்தக் கைக்குத்தான் விளங்குதில்ல."

"அப்ப கைய மாத்துவம்" என்றாள் அவள்.

என் வளையலைக் கழற்றித் தங்கச்சிக்குப் போட்டார்கள். என் சேலைத் தலைப்பையும் அவள் தோளில் போட்டார்கள். முகம் தெரியாமல் கையை மட்டும் எடுத்தார்கள். தங்கச்சி தட்டை நீட்டினாளே ஒரு நீட்டு! நாய்க்குச் சோறு வைப்பது போல. ஒரே தடவையில் முடிந்தது. "பார்த்தியாக்கா? இதுக்குத்தான் சொன்னன், என்னக் கேளுங்கெண்டு."

முகம் பாக்கி இருந்தது. தையல்காரியைப் பிடிக்காத பார்வை பார்க்க வேண்டும். டீச்சரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. டீச்சரைத் தூரப் போகச் சொல்லிவிட்டு ஒரு கம்பைப் பார்க்கச் சொன்னார்கள். கம்பைப் பார்த்தும் சிரித்தேன். சரி, கொஞ்சம் ஆறுவோம் என்றாள் பிள்ளை. நான் படியில் இருந்தேன். முற்றத்தில் தங்கச்சியின் கருவாடு காய்ந்தது. ஒரு காகம் வந்து பாயின் ஓரத்தில் நின்று, எனக்கும் கருவாட்டுக்குமாகத் தலையைச் சரித்தது. நான் பார்த்தேன். அது போய்விட்டது.

பிள்ளையும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "போதும் மாமி, கிடைச்சிட்டு" என்றாள். என்ன கிடைத்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடைசிக் காட்சிக்கு மட்டும் அவள் வேறு விதமாகச் சொன்னாள். "வெறுப்ப நான் துண்டு துண்டா வெட்டி ஒட்டிக்குவன் மாமி. மனசு மாறுறத வெட்டி ஒட்டினாப் பொய்யாத் தெரியும். அடுப்படியில இருந்து வேலி வரைக்கும் நீங்க நடக்கணும், கமரா உங்களோட வரும், நடுவில நிப்பாட்ட மாட்டன். இவ்வளவு நேரமும் அவவ ஒரு படத்திலயும் உங்கள ஒரு படத்திலயுமாத்தான் எடுத்தன். இதிலதான் ரெண்டு பேரும் ஒண்டா நிக்கப் போறீங்க."

வாவிப் பக்கமிருந்து மஞ்சள் வெளிச்சம் வளவுக்குள் வருகிற நேரம். முதல் தடவை ஆடு ஒன்று குறுக்கே வந்தது. அடுத்த தடவை என் செருப்பு அறுந்தது. மூன்றாம் தடவை வெறுங்காலோடு நடந்தேன். தம்பி கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வருகிறான். வேலிக்கு அந்தப் பக்கம் டீச்சர் மறுபடி வட்டிலப்பத் தட்டோடு நிற்கிறா. வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குச் சொன்னது. வாங்கினேன். நிற்க முடியவில்லை. "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், வட்டிலப்பத்தை என் கோப்பைக்கு மாற்றி, தட்டைக் கழுவி, கதலிப் பழம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுக்கும்போதுதான் நினைவு வந்தது, ஐயோ, படம்! திரும்பிப் பார்த்தேன். பிள்ளை தம்பியின் முதுகில் கை வைத்தபடி, நிறுத்தாதே என்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

சில கிழமை கழித்துத் தங்கச்சி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். படத்தின் டிரெய்லர் வந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மெசின் சத்தம் மண்டையில் அடிக்கிறது. நீல இருட்டு. தையல்காரி வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அடுத்ததாக என் முகம். நான் அவளைப் பார்க்கிறேன். நான் டீச்சரை ஒருநாளும் அப்படிப் பார்க்கவில்லையே! மறுபடி போட்டுப் பார்த்ததும்தான் விளங்கியது. காகம்! நான் காகத்தைப் பார்த்ததை எடுத்து, டீச்சரின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். காகத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு மனுசி நிற்கிறாள்.

"எல்லா இடத்துக்கும் போயிட்டாம். ஓட்டமாவடியில எல்லார்ர போனிலயும் ஓடுதாம்" என்றாள் தங்கச்சி சந்தோசமாக.

அந்த வியாழக்கிழமை ராத்தா வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. அவ போன் எடுத்துப் பேசுகிற ஆள் இல்லை, நானும் இல்லை. மகளின் போனில் டிரெய்லரைப் பார்த்திருப்பா. இத்தனை காலம் என் விறாந்தையில் காலை நீட்டியிருந்தது இப்படிப் பார்க்கிறவளின் முன்னாலா என்று நினைத்திருப்பா. சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. வெட்கம், வெட்கம் என்று வாயை மூடிக்கொண்டிருந்து என் ராத்தாவை இழக்கப் போகிறேனா? நீலப்பூத் தட்டு மேசையில் இருந்தது. அதைப் பார்க்கிற நேரமெல்லாம் எடுத்துக் கழுவிக் கழுவி வைத்தேன்.

படம் போடுகிற நாளுக்கு அவவைக் கூப்பிடச் சொல்லிக் கமராக்காரத் தம்பியிடம் கெஞ்சினேன். போய்வந்தான்.

"என்ன சொன்னா மனே?"

"பார்ப்பம் எண்டா."

"என்ன முகத்தோட சொன்னா?"

"கதவுக்குப் பின்னால நிண்டு சொன்னா மாமி. முகம் தெரியல்ல."

முகமில்லாத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அந்தக் கிழமை முழுக்கத் தேத்தண்ணிக்கு உப்புப் போட்டேன் என்று தங்கச்சி சொல்கிறாள்.

மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். நான் பின்வரிசையில், சுவரோரமாக இருந்தேன். இரண்டு ஊர்ச் சனமும் வந்திருந்தது. வாசலில் ஒவ்வொரு கறுப்பு அபாயா வரும்போதும் எழும்பி எழும்பி இருந்தேன். விளக்கை அணைத்த பிறகு பக்கத்துக் கதிரையில் யாரோ தொப்பென்று இருந்தார்கள். அத்தர் வாசமும் புதுத்துணி வாசமும். நான் திரும்பவில்லை. திரும்பப் பயம்.

படம் ஓடியது. பனைமரம் மாதிரி நான். கம்பிக்குள் நான். ஆணி அடிக்கிற மெசின். கோழிகள் ஓடிவருகிற சத்தம் கேட்டதும் மண்டபத்தில் பெண்கள் "ச்சீ" என்றார்கள். அது என்னைத்தான். வெறுந்தட்டு வேலிக்கு மேலால் நீண்டது. எங்கோ ஒரு பிள்ளை அழுதது. அதன்பிறகு தையல்காரியின் முகம் வந்தது. அதன்பிறகு என் முகம், அந்த வெள்ளைத் துணி முழுக்க. நான் பார்த்த அந்தப் பார்வை.

பக்கத்தில் ஒரு விக்கல் மாதிரிச் சத்தம். அழுகிறாவோ என்று என் உயிர் போய்வந்தது. அடுத்த நிமிசம் மண்டபம் அதிரச் சத்தம் வந்தது.

"அல்லாஹ்! இது காகத்தப் பார்க்கிற பார்வ தானேகா!"

சனமெல்லாம் திரும்பியது. ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா. பொத்த முடியவில்லை. "சத்தியமாச் சொல்லு, கருவாடு காயப் போட்ட அண்டைக்குத் தானே எடுத்த?"

"ஓம் ராத்தா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"அந்தத் தட்டு நீட்டின கையும் உன்டயில்ல. உன்ட வளையல், கை வேற."

முன்வரிசையிலிருந்து தங்கச்சி எழும்பினாள். "என்ட கை ராத்தா! எப்பிடி நடிப்பு?"

மண்டபம் சிரித்து முடிய நேரம் எடுத்தது. மூலையில் நின்ற, படம் எடுத்த பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது, பாவம். எவ்வளவு கவலையான இடம் அது! எங்கள் இருவருக்கும் தோள் குலுங்குவது நிற்கவில்லை. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் தொடங்குகிறார்.

"ரெண்டு கிழமையா ஏன் வரல்ல?" என்று காதுக்குள் கேட்டேன்.

"மகள் சொன்ன நாளுக்கு முந்தியே புள்ளப் பெத்துக் கிடக்கா. பொம்புளப் புள்ள. நான் எங்ககா வெளிக்கிடுற?"

"டிரெய்லரப் பார்த்துக் கோவமெண்டு நினைச்சன்."

"அந்த ராத்திரி உறங்கல்ல" என்றா, சிரிக்காமல். "ஆர நீ அப்பிடிப் பார்த்த எண்டு யோசிச்சிட்டே கிடந்தன். உன்ட முகந்தான், ஆனா எனக்குத் தெரியாத ஆள். சின்ன போனில கண்ணும் விளங்கல்ல. இஞ்ச வந்து பெரிசாப் பார்த்தாத்தானே தெரியுது."

அதற்குள் கடைசிக் காட்சி வந்துவிட்டது. மெசின் சத்தம் மழை மாதிரிக் கேட்டது. பிள்ளை சொன்னது மெய்தான். மஞ்சள் வெளிச்சத்தில் நான் வெறுங்காலோடு நடக்கிறேன். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. தட்டை வாங்கி, உள்ளே போய், பழம் வைத்துக்கொண்டு வருகிறேன். வேலியின் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் ஒரே படத்துக்குள் நிற்கிறார்கள். ராத்தாவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

"இது முழுக்க நீதான்" என்றா மெதுவாக.

பிறகு கொஞ்சம் முன்னால் சரிந்து, கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தா. "நில்லு. அது என்ட தட்டு தானே? பெருநாள் போய் எவ்வளவு நாளாச்சு! என்ட தட்ட இன்னும் நீ தரல்ல!"

மறுபடி சிரிப்பு. இந்தமுறை பிள்ளையும் சிரித்தாள்.

அடுத்த வியாழன் ராத்தா வர முடியாது என்பதால் நான் போனேன். நீலப்பூத் தட்டில் கொழுக்கட்டை அடுக்கி, துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். பாலம் வந்தது. பக்கத்தில் பர்தா போட்ட ஒரு பிள்ளை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க அந்தப் படத்தில வந்த பொல்லாத மாமி தானே?"

வழக்கம்போலக் குனிந்தேன். குனிந்த இடத்தில் தட்டுத்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

"ஓம் மகள், நான்தான்" என்றேன். முடிச்சை அவிழ்த்து, "ஒண்டு எடுங்க" என்று தட்டை நீட்டினேன்.